எரிவதெல்லாம் சத்து

போன மாதம் வவுனியாவில் ஒரு கலியாண வீடு. பந்தியில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெடியன் என் இலைக்கு மேலே தன் போனைப் பிடித்து ஒரு படம் எடுத்தான்.

“ஐயா, உங்கட இலையில எத்தினை கலோரி இருக்கெண்டு இது சொல்லும்.”

சொல்லியது. பருப்புக்கு ஒரு கணக்கு, அப்பளத்துக்கு ஒரு கணக்கு. நான் சப்பிவிட்டு ஓரமாக ஒதுக்கியிருந்த முருங்கைக்காய்ச் சக்கையை அது என்னவென்று எடுத்துக்கொண்டது என்று கேட்டேன். பெடியன் போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இறைச்சி எண்டு போட்டிருக்கு” என்றான். மரக்கறிப் பந்தியில் இறைச்சியைக் கண்டுபிடித்த அந்தக் கருவியை நான் மரியாதையோடு பார்த்தேன். என் உத்தியோக காலத்தில் இவ்வளவு துணிச்சலான முடிவை நான் ஒருநாளும் எழுதிக் கொடுத்ததில்லை.

நான் சாப்பாட்டை எரித்துச் சம்பளம் வாங்கியவன். வவுனியாவில் உணவுகளைச் சோதிக்கும் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப அலுவலராக இருந்து ஓய்வு பெற்றேன். வீட்டில் சோறு அடிப்பிடித்து நான் முகத்தைச் சுழித்தால், “நீங்கள் ஒவ்வொரு நாளும் எரிச்சுத்தானே காசு கொண்டுவாறியள், நான் ஒருநாள் எரிச்சாக் குற்றமோ?” என்று என் மனைவி கேட்பா. நான் அடிப்பிடித்த சோற்றையே இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வேன்.

இப்போது அந்த ஆய்வுகூடத்துக்குப் புதிய இயந்திரம் வந்துவிட்டதாம். மாதிரியை உள்ளே வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போகலாம். திரும்பி வரும்போது விடை கடதாசியில் அச்சாகி நிற்குமாம். பழையதை ஓரங்கட்டுகிற சாட்டில் ஒரு நினைவு மலர் போடப்போகிறார்கள். அங்கே இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் வந்து, “ஐயா, உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ. நல்ல விசயமா எழுதுங்கோ” என்றார்கள். நல்ல விஷயம் மட்டும்தான் வேண்டுமென்றால் நன்றியுரை எழுதுகிற ஆளைப் பிடித்திருக்கலாம். என்னிடம் வந்தார்கள், அனுபவிக்கட்டும்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் படிப்பித்தார்கள். சிங்களத்தில் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதித் தமிழில் விளங்கிக்கொண்டு, கடைசி நாளில் ஒரு பயற்றம் வில்லையை எரித்துக் காட்டினால் சான்றிதழ். என்னுடைய பயறு முதல் தடவை பற்றவில்லை. “வன்னிப் பயறு பிடிவாதமானது” என்று படிப்பித்தவர் சொன்னார். பயறு மாத்தறையில் இருந்து வந்தது என்று நான் திருத்தவில்லை. சான்றிதழ் அவர் கையில் இருந்தது.

வேலையின் அடிப்படை எளிது. உடம்பு சாப்பாட்டை மெல்ல மெல்ல எரித்துச் சூடும் பெலனும் எடுக்கிறது. நாங்கள் அதே சாப்பாட்டை ஒரே அடியாக எரித்து, அந்தச் சூட்டைத் தண்ணீரில் பிடித்து, தண்ணீர் எவ்வளவு சூடேறியது என்று பார்ப்போம். அதுதான் கலோரி. எரிப்பது ஒரு தடித்த உருக்குப் பாத்திரத்துக்குள். புத்தகத்தில் அதற்குக் குண்டு என்று பெயர். போரில் அடிபட்ட ஊரில், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, “தம்பி, குண்டைக் கழுவி வை” என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அதனால் எங்கள் ஆய்வுகூடத்தில் அது எப்போதும் சட்டிதான்.

சட்டிக்குப் பெயர் மாற்றிவிட்டோம். ஒட்சிசனுக்கு மாற்ற முடியவில்லை. சாப்பாடு முழுதாக எரிய வேண்டுமென்றால் சட்டிக்குள் ஒட்சிசன் அடைக்க வேண்டும். சிலிண்டரைத் தெற்கில் இருந்து ஏற்றிவரும்போது இராணுவச் சோதனைச் சாவடியில் மறிப்பார்கள். ஒருமுறை ஒரு சிப்பாய் அரைகுறைத் தமிழில், “ஒட்சிசன் யாருக்கு? நோயாளி எங்கே?” என்று கேட்டான். எங்கள் சாரதி பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

“பருப்புக்கு, சேர்” என்றார்.

அன்று பின்னேரம்வரை பருப்பின் உடல்நிலை பற்றி மூன்று பேர் மாறி மாறி விசாரித்தார்கள். கடைசியில் ஒரு பெரிய அதிகாரி வந்து, பருப்பு பிழைக்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே போக விட்டார். எங்கள் சாரதிக்குச் சிரிப்பு வரவில்லை. அதன்பிறகு அவர் சிலிண்டர் ஏற்றப் போவதென்றால் காய்ச்சல் என்று லீவு போடுவார்.

எங்கள் தலைவி நிர்மலாதேவி மேடம். இரசாயனத்தில் பெரிய படிப்புப் படித்தவர். மெலிந்த உருவம், மெல்லிய குரல். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு முடிவைக் கொண்டுபோய்க் காட்டினால் பார்த்துவிட்டு, “இன்னொருக்கா” என்பார். அந்த ஒரு சொல்தான். சரி என்றும் சொல்லமாட்டார், பிழை என்றும் சொல்லமாட்டார். இரண்டு தடவையும் இம்மி பிசகாமல் ஒரே எண் வந்தால் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்ப்பார்.

“தவராசா, ரெண்டும் ஒரே மாதிரி வந்தா அதில ஒண்டு கள்ளம்.”

எரிக்கிற முறையில் அவர் ஒரு படியையும் தாண்டவிடமாட்டார். மாதிரியை உலர்த்தி, இடித்து, அச்சில் வைத்துக் குளிசை மாதிரி வில்லையாக அழுத்த வேண்டும். வில்லையைச் சின்ன உலோகக் கிண்ணத்தில் வைத்து நிறுக்கும்போது மூச்சைக்கூட மற்றப் பக்கம் விட வேண்டும். மெல்லிய கம்பி வில்லையைத் தொட வேண்டும், கிண்ணத்தைத் தொடக்கூடாது. சட்டியை மூடி, ஒட்சிசன் அடைத்து, தண்ணீர் வாளிக்குள் இறக்கி, தண்ணீரின் சூடு ஒரே நிலைக்கு வரும்வரை பேசாமல் இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பொத்தான். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் பொத்தானை அமத்தும்போது காதைப் பொத்துவார்கள். ஒரு சத்தமும் வராது. வெப்பமானி மாத்திரம் கள்ளப்பூனை மாதிரி மேலே ஏறும். வந்தவர்கள் ஏமாந்துபோய்ப் பக்கத்துக் கடையில் தேத்தண்ணீர் குடிக்கப் போவார்கள்.

ஆனால் சட்டி திறக்குமுன் அவர்கள் திரும்பி வந்துவிட வேண்டும். மாதிரியைக் கொண்டுவந்தவருக்கு முன்னால்தான் சட்டி திறப்பது என்பது மேடம் போட்ட சட்டம். வேறு எந்த ஆய்வுகூடத்திலும் இப்படியொரு வழக்கம் இருந்ததாக நான் அறியவில்லை. “எங்கட சனத்துக்கு மூடின கதவுக்குப் பின்னால நடந்ததெல்லாம் போதும். இதையாவது கண்ணால பாக்கட்டும்” என்பார்.

அப்படிப் பார்க்க வந்தவர்களில் பலவகை. கனடாவில் இருந்து வந்து குரக்கன் பிஸ்கட் போடத் தொடங்கிய ஒருவர், பெட்டியில் ‘கலோரி இல்லை’ என்று அச்சடிக்க வேண்டும், அதற்கொரு கடிதம் தாருங்கள் என்று கேட்டார். அங்கே இருக்கிற சனம் மெலிய விரும்புகிறதாம். எரித்துப் பார்த்தோம். அவருடைய பிஸ்கட் நல்ல காய்ந்த விறகு மாதிரி எரிந்தது. “கலோரி இல்லாத சாமான் ஒண்டு என்னட்ட இருக்கு” என்று மேடம் கிண்ணத்தின் அடியில் இருந்த துளிச் சாம்பலைக் காட்டினார். “இதை விக்கிறதெண்டா இப்பவே கடிதம் தாறன்.” அவர் கோபித்துக்கொண்டு கொழும்புக்குப் போனார். பிறகு கடையில் அந்தப் பெட்டியைக் கண்டேன். ‘கலோரி மிகக் குறைவு’ என்று போட்டிருந்தது. எதைவிடக் குறைவு என்று போடவில்லை.

இதெல்லாம் பகிடி. பகிடி இல்லாத ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நிறை குறைந்த பிள்ளைகளுக்குச் சத்துமா கொடுக்கிற ஒரு திட்டம் மாவட்டத்துக்கு வந்தது. அதற்கொரு பணிப்பாளர். நல்ல உயரம், நல்ல உடுப்பு. ‘சக்தி’ என்ற சொல்லைச் சொல்லாமல் அவரால் ஒரு வசனத்தை முடிக்க முடியாது. டெண்டரில் அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: மாவை எரித்தால் இவ்வளவு கலோரிக்குக் குறையக்கூடாது. வேறு கேள்வி இல்லை. மாவில் என்ன இருக்கிறது, பிள்ளை தின்னுமா, தின்றால் செமிக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் தாள் நீண்டுவிடும் அல்லவா?

ஒரு கம்பனி மாதிரி அனுப்பியது. அருமையான மா. வறுத்த உழுந்தும் பயறும் எள்ளும். வில்லை அழுத்தும்போதே வாசத்தில் வாய் ஊறியது. எரித்ததும் கிண்ணம் கழுவி வைத்ததுபோல் இருந்தது. நிபந்தனையைத் தாண்டிய எண் வந்தது, எழுதிக் கொடுத்தோம், டெண்டர் அவர்களுக்குப் போனது. மூட்டை மூட்டையாக மா ஊர்களுக்குப் போனது.

பிள்ளைகளின் நிறை ஏறவில்லை. சில பிள்ளைகளுக்கு இறங்கியது. மாதா மாதம் தராசு பிடிக்கிற குடும்பநல மாது எழுதி எழுதி அனுப்பினா. பணிப்பாளர் தன்னுடைய சக்தியை எல்லாம் திரட்டி யோசித்தார். மா ஆய்வுகூடத்தில் தேறிய மா. ஆகவே மாவில் பிழை இல்லை. பிள்ளை தின்றால் நிறை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் பிள்ளை தின்னவில்லை. பிள்ளை தின்னவில்லை என்றால் தாய் வேறு யாருக்கோ கொடுக்கிறாள். கோழிக்குப் போடுகிறாள். இப்படி மாவைத் துர்ப்பிரயோகம் செய்கிற தாய்மாரைத் திட்டத்தில் இருந்து வெட்டுவது, அவர்களுக்குக் கிடைக்கிற மற்ற உதவிகளையும் நிறுத்தச் சிபாரிசு செய்வது என்று முடிவானது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்.

வெட்டப்பட இருந்தவர்களில் ஒருத்தி லெட்சுமி. கனகராயன்குளத்துப் பக்கம். தேயிலைத் தோட்டத்தில் இருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். புருஷனும் அவளும் கூலி வேலை. ஒருநாள் காலையில் இடுப்பில் பிள்ளையும் கையில் அந்த மாவை அடைத்த ஒரு பால்மாத் தகரப் பேணியுமாக பஸ்ஸில் வந்து இறங்கி, நேரே எங்கள் வாசலில் நின்றாள். பிள்ளையின் பெயர் பவித்திரா. கால்கள் ஈர்க்குப் போல, வயிறு மட்டும் ஊதி இருந்தது.

“இந்த மாவுல சத்து இருக்குன்னு சொன்னது நீங்கதானுங்களா?” என்று கேட்டாள்.

மேடம் எழும்பி வந்து அவளைக் கதிரையில் இருத்தினார்.

“ஓம், நாங்கள்தான். இருங்கோ. என்ன நடந்தது, சொல்லுங்கோ.”

“கோழிக்குப் போட்டேன்னு சொல்றாங்கம்மா. சத்தியமா இல்லீங்க. ஏச்சுக் கேட்ட அன்னிக்கித்தான் கோவத்துல ஒரு பிடி அள்ளிப் போட்டேன். கோழி கொத்திப் பாத்துட்டு என்னையே பாக்குது.” சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. “காலையில எழும்பினதும் மொதல்ல இந்த மாவத்தான் கரைச்சுக் குடுக்கணும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. அப்பிடியே குடுக்குறேன். வயிறு கல்லு மாதிரி ஆயிடுது. அப்புறம் பொழுதுக்கும் சோறு எறங்காது. புள்ள தேயுது, நான் திருடின்னு பேரு.”

முத்திரை வைக்காத மாதிரியைத் தொடக்கூடாது என்பது எங்கள் விதி. மேடம் பேணியைத் திறந்து முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, “எரிப்பம், தவராசா” என்றார். விதியை மீறுகிறோம் என்று நான் நினைவூட்டவில்லை. எனக்கு அன்று ஞாபகசக்தி குறைவாக இருந்தது.

லெட்சுமிக்கு முன்னால் எல்லாம் நடந்தது. எண் வந்தது. மா தேறிவிட்டது.

“அப்ப நான்தான் பொய்க்காரியா?” என்றாள் லெட்சுமி. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கேள்விக்கு முன்னால் நான் படித்த படிப்பும் வாங்கிய சான்றிதழும் கூனிப்போய் நின்றன. எனக்கு வெட்கமாக இருந்தது.

“பொறுங்கோ, இன்னும் சட்டி திறக்கேல்லை” என்றார் மேடம்.

திறந்தோம். முதல் மாதிரியில் கழுவியதுபோல் இருந்த அதே கிண்ணத்தில், இப்போது வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு குவியல். மேடம் அதை ஊசியால் கிளறினார். நான் ஒரு துளியை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தேன். நறநற என்றது. உமிக்கரியால் பல் விளக்கி வளர்ந்த எனக்கு அதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. மேடத்துக்கும் தெரிந்துவிட்டது. நெல்லுமியை மாவாக அரைத்துக் கலந்திருக்கிறார்கள். எண் இறங்கிவிடாமல் இருக்கக் கொஞ்சம் எண்ணெயும் விட்டிருக்கிறார்கள். நன்றாக யோசித்துச் செய்த வேலை. பிள்ளைகளைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரத்தில் அந்த மனிதர்கள் எங்கள் வெப்பமானியைப் பற்றி யோசித்திருக்கிறார்கள்.

“உமி நல்லா எரியும்” என்று மேடம் லெட்சுமிக்கு விளக்கினார். “எங்கட சட்டிக்கு உமியும் சரி, உழுந்தும் சரி. சூடு வந்தாக் காணும். ஆனா மனிசற்ற வயித்தில உமி செமிக்காது. பிள்ளைக்கு வயிறு நிரம்பும், சத்து ஒண்டும் சேராது. நீங்கள் பொய் சொல்லேல்லை.”

மேடம் அப்போதே பணிப்பாளருக்குப் போன் எடுத்தார். மறுமுனையில் அவர் கதைத்தது எனக்கும் கேட்டது.

“மேடம், உமி, தவிடு எண்டு கதைக்க எங்களுக்கு நேரமில்லை. டெண்டரில இருக்கிறது சக்தி. கம்பனிக்காரரும் பிரச்சினை வேண்டாம் எண்டுதான் சொல்லுகினம். எல்லாரையும் வைச்சுக்கொண்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கோ. மா பெயில் எண்டாக் கம்பனியை நிப்பாட்டுவம். பாஸ் எண்டாத் தாய்மாரை வெட்டுவம். மெசின் சொல்லட்டும்.”

இதைவிட நியாயமான ஏற்பாடு இருக்க முடியாது. மெசின் என்ன சொல்லும் என்று எங்களுக்குத் தெரியும், கம்பனிக்கும் தெரியும். தெரியாதவர் பணிப்பாளர் ஒருவர்தான். நாங்கள் நேர்மையாக எரித்தால் லெட்சுமி திருடி.

நான் மேடத்தின் மேசைக்குப் போய்க் குரலைத் தாழ்த்தி, “ஒட்சிசனைக் கொஞ்சம் குறைச்சு அடைச்சா அரைகுறையாத்தான் எரியும், மேடம். பெயில் ஆகிடும்” என்றேன். கண்ணாடி கழன்றது.

“அப்ப நாங்களும் உமி கலப்பம் எண்டுறீரோ?”

நான் போய் ஒட்சிசன் சிலிண்டரைப் பூட்டிவிட்டு வந்தேன். ஆனால் அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்கும் தெரியவில்லை. அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் உமி தின்னாமலே.

சோதனை நாள் வந்தது. பணிப்பாளர் வந்தார், அவரோடு குழு உறுப்பினர் சிலர், கம்பனி முதலாளி. முதலாளியின் வாசனைத் தைலம் அவருக்கு முன்னால் படியேறி வந்தது. லெட்சுமியும் பிள்ளையோடு வந்திருந்தாள். அவளைக் கண்டதும் பணிப்பாளர் நெற்றியைச் சுருக்கினார்.

“இவா ஏன் இஞ்ச?”

“சாம்பிளைக் கொண்டுவந்தவா. அவவுக்கு முன்னாலதான் திறப்பம். அது எங்கட முறை, சேர்” என்றார் மேடம். பணிப்பாளருக்கு முறைகள் என்றால் பயம். போய்க் கதிரையில் இருந்தார்.

பேணியில் இருந்த மாவை எரித்தோம். ஒட்சிசன் கொஞ்சமும் குறையவில்லை. எண் வந்தது. தேறிவிட்டது. முதலாளி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துவிட்டு, “மெசின் பொய் சொல்லாது” என்றார். பணிப்பாளர் லெட்சுமியைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். ஆசிரியர் மொக்குப் பிள்ளையைப் பார்க்கிற பார்வை. லெட்சுமி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முன்னால் சட்டியைத் திறந்து, மேடம் கிண்ணத்தை எடுத்து ஒரு பக்கம் மூடி வைத்தார்.

“ஓம், மெசின் பொய் சொல்லாது” என்று மேடமும் ஒத்துக்கொண்டார். “சேர், அந்தப் பைல் மட்டையை ஒருக்காத் தாறியளோ?”

பணிப்பாளர் எதற்கென்று விளங்காமலே தன் கையில் இருந்த பைலைக் கொடுத்தார். மேடம் அதன் மட்டையில் ஒரு மூலையைக் கத்தரித்து என்னிடம் நீட்டினார். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு நறுக்கினேன், இடித்தேன், வில்லையாக அழுத்தினேன், நிறுத்தேன். மூச்சை மற்றப் பக்கம்தான் விட்டேன். பைல் மட்டைக்கும் முறை முறைதானே.

பொத்தானை அமத்தினேன். வெப்பமானி ஏறத் தொடங்கியது. ஏறி, நிபந்தனை எண்ணுக்குக் கொஞ்சம் கீழே வந்து தயங்கியது. என் வாழ்க்கையில் ஒரு கடதாசி மட்டை பரீட்சையில் தேற வேண்டும் என்று நான் கடவுளைக் கும்பிட்டது அன்றுதான். பிறகு அது மெல்ல மெல்ல ஊர்ந்து கோட்டைத் தாண்டியது. கணக்கைப் போட்டு மேடத்திடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுப் பணிப்பாளரிடம் நீட்டினார்.

“சேர், உங்கட பைல் மட்டையும் பாஸ். டெண்டர்ப்படி இதையும் பிள்ளையளுக்குக் கரைச்சுக் குடுக்கலாம்.”

குழுவில் ஒருவர் அதை மும்முரமாகக் குறிப்பெடுத்தார். பணிப்பாளர் எண்ணைப் பார்த்தார், மட்டையைப் பார்த்தார். பிறகு உண்மையாகவே கேட்டார்:

“இதில அவ்வளவு சக்தி இருக்கோ?”

“இருக்கு சேர். அடுப்புக்கு. பிள்ளைக்கு இல்லை.” மேடம் பத்திரமாக எடுத்துவைத்திருந்த இரண்டு கிண்ணங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று கம்பனி டெண்டருக்கு அனுப்பிய மாவில் மிச்சம் இருந்ததை முதல் நாள் எரித்தது: சுத்தம். மற்றது ஊருக்கு அனுப்பிய மா: சாம்பல் குவியல். “இது உமிச் சாம்பல். தேறின மா வேற, பிள்ளையள் தின்ற மா வேற. எங்களிட்டக் கேட்டது எரியுமோ எண்டு. எரியுது. செமிக்குமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. இந்தத் தாய் மட்டும்தான் வந்து கேட்டவா.”

முதலாளி லேசுப்பட்டவர் அல்ல. “உமியில நார்ச்சத்து இருக்கு. வெளிநாட்டில நார்ச்சத்தைக் காசு குடுத்து வாங்கித் தின்னுகினம்” என்றார். கேப்பையில் நெய் வடிகிறது என்பது இதுதான். ஆனால் இந்தத் தடவை கேட்கிறவருக்குக் கொஞ்சம் மதி வந்திருந்தது. பணிப்பாளர் சாம்பலை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு இடுப்பில் இருந்த பவித்திராவின் வயிற்றைப் பார்த்தார். அவர் அந்தப் பிள்ளையைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மா நிறுத்தப்பட்டது. தாய்மாரை வெட்டுகிற யோசனை கைவிடப்பட்டது. கைவிட்டதை அவர்கள் தாய்மாருக்கு அறிவிக்கவில்லை. மேடம்தான் என்னை அனுப்பி லெட்சுமியிடம் சொல்லச் சொன்னார். கம்பனிக்குத் தண்டனை கிடைத்தது. எச்சரிக்கை என்ற தண்டனை. அடுத்த டெண்டரில் சாம்பலுக்கும் நாருக்கும் அளவு வைத்தார்கள். புது மா வரத் தாமதமானது. அந்த இடைவெளியில் பிள்ளைகளுக்குத் திட்டத்தில் இருந்து ஒன்றுமே போகவில்லை.

அந்த இடைவெளியில்தான் பிள்ளைகளின் நிறை ஏறத் தொடங்கியது.

திட்டம் முடிந்தபோது வவுனியாவில் ஒரு மண்டபத்தில் விழா எடுத்தார்கள். மேடத்தையும் என்னையும் அழைத்திருந்தார்கள், பின்வரிசைக்கு. பணிப்பாளர் மேடையில் ஏறி, மாவட்டத்தில் பிள்ளைகளின் நிறை கூடியிருக்கிறது, இது சத்துமாவின் சக்தி என்று முழங்கினார். நிறை கூடியது உண்மை. அதை மறுக்க எங்களால் முடியாது. இடைவேளையில் நான் அவரிடம் போய், நிறை கூடியது மா நின்ற காலத்தில் அல்லவா என்று பணிவாகக் கேட்டேன். அவர் என் தோளில் தட்டினார்.

“தவராசா, ஆர் குத்தியும் அரிசியானாச் சரி.”

யார் குத்தினார்கள் என்பதல்ல, உமியை யார் விட்டார்கள் என்பதுதான் என் கேள்வி. கேட்கவில்லை. அவர் அதற்குள் மேடைக்குத் திரும்பி, பயன்பெற்ற தாய்மாரின் சார்பில் இரண்டு வார்த்தை பேச லெட்சுமியை அழைத்துவிட்டார்.

லெட்சுமி நல்ல சேலை கட்டியிருந்தாள். பவித்திரா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. ஒலிவாங்கியை ஒருவர் லெட்சுமியின் வாய்க்கு நேரே பிடித்தார். நன்றி சொன்னால் போதும் என்று அவளுக்கு முதலே சொல்லி வைத்திருந்தார்கள். அவள் அப்படியே செய்தாள்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. பணிப்பாளர் ஐயாவுக்கு ரொம்ப நன்றிங்க. அந்த மாவ நிப்பாட்டினதுக்கு. மா நின்ன பொறகுதான் எம் புள்ள சோறு கேக்குது.”

பணிப்பாளர்தான் முதலில் கை தட்டினார். தன் பெயருக்குப் பிறகு நன்றி என்ற சொல் வந்ததும் தட்டத் தொடங்கியவர், மிச்சம் காதில் விழும்போது பாதியில் நிறுத்த முடியாமல் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் தட்டுகிறார் என்று மண்டபமும் தட்டியது. எனக்குப் பக்கத்தில் மேடம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மேடையில் பணிப்பாளருக்கு முன்னால் ஒரு தட்டில் வடையும் கேக்கும் வைத்திருந்தார்கள். பவித்திரா தாயின் கையை உதறிவிட்டுப் போய், அவருடைய தட்டை இழுத்து எடுத்து, அங்கேயே நிலத்தில் சம்மணம் கட்டி இருந்து தின்னத் தொடங்கினாள்.